மண் ஒருவருக்கு, மான் எல்லோருக்கும்

வேட்டைக்குத் துப்பாக்கியும் துணிவும் போதும் என்று நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை நோக்குவோமாயின் அவ்வெண்ணம் மாறிவிடும்.

அங்கே நிலத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தனியாருடையது. ஆதலால், வெண்வால் மானை வேட்டையாட விரும்பும் அயல் மாநிலத்தார், முதலிற் கால்நடைப் பண்ணை உரிமையாளருக்குப் பணம் செலுத்தி அவரது இசைவைப் பெறுவர். அது மட்டும் போதுமா? போதாது. மண் பண்ணையாருக்கு உரியது. அதில் மேயும் காட்டுமானோ மாநில மக்களின் பொதுவுடைமை. எனவே அரசின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். பத்திரம் இருந்தும் உரிமையாளரின் இசைவின்றி வேலி தாண்டுவோமாயின் அதுவும் குற்றமே.

வீடு திரும்பும் வழியிலும் விதிகள் உண்டு. 1967இல் கொலராடோவில் முதன்முதலாக அறியப்பட்டது, மான்களை மெலிவித்துக் கொல்லும் ஒரு நோய். அது பரவாதிருக்கும் பொருட்டு, மானின் மூளையையும் முள்ளந்தண்டையும் தம் எல்லைக்குள் கொணரப் பல மாநிலங்கள் தடை விதித்துள்ளன. மேலும், மாநில விதியை மீறிக் கொன்ற விலங்கை எல்லை கடத்துவது, 1900ஆம் ஆண்டின் லேசிச் சட்டப்படி மத்திய அரசுக்கு எதிரான குற்றமாகும்.

பண்ணையாரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிச் சென்றவர் மானையும் இழந்து, நீதிமன்றத்திலும் நிற்க நேரலாம். ஆகவே, துப்பாக்கியை எடுக்குமுன் இரு மாநில விதிகளையும் படித்தறிதலே நல்ல வேட்டைக்காரனுக்கு அழகு.