கசிவுக்கு மூடி மட்டும்தான் காரணமா?

நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஈப்போ நேயர் ஒருவர் கேட்டார்: "டிப்ரன்ஷியல் மூடியை இரண்டு முறை கழற்றிப் பசை போட்டுவிட்டேன் தம்பி. மறுபடியும் எண்ணெய் ஒழுகுகிறதே?" சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய் செம்பனை வந்த நிலத்தில் பழைய லேண்ட்ரோவர் 110 ஓட்டிப் பிழைப்பவர். வண்டி நின்றால் வருமானமும் நிற்கும்.

அரங்கிலிருந்த பட்டறைக்காரர் திருப்பிக் கேட்டார்: "மூச்சுக் குழாயைப் பார்த்தீர்களா அண்ணே?"

வண்டி ஓடினால் அச்சுக்குள் காற்று சூடாகி விரியும். அது வெளியேறத்தான் மேலே சிறிய மூச்சுக் குழாய். செம்மண் சேறு அதை அடைத்தால், அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான அச்சு ஓடையில் இறங்கிக் குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் தே தாரிக் நிறமானால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். சக்கரப் பக்கம் கசிந்தால் பிரேக்கில் எண்ணெய் படும், உயிருக்கே ஆபத்து.

எனவே முதலில் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு மூடி.

சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரத்தை நேரடியாகப் பிடிப்பதில்லை. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் வண்டி உருளக்கூடும்.

எண்ணெய் ஊற்றும் திருகை முதலில் திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால் பழைய எண்ணெயை வடிக்காதீர்கள். புதியதை ஊற்ற வழியிருக்காது.

மூடியைக் கழற்றியதும் பழைய பசையைச் சுரண்டி, எண்ணெய்ப்பசை இல்லாமல் துடையுங்கள். மாவு போன்ற இரும்புத்தூள் சாதாரணம். துண்டுகள் கிடைத்தால் பல் உடைந்திருக்கலாம். சிலிக்கான் பசையை அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாக இடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி, பொட்டலத்தில் சொன்ன நேரம் காயவிடுங்கள்.

இந்தப் பற்சக்கரங்கள் வழுக்கி உரசுவதால் என்ஜினின் கறுப்பு எண்ணெய் ஆகாது. கையேடு சொல்லும் கனத்தில் ஜிஎல்-5 கியர் எண்ணெய் வேண்டும். துளையின் கீழ்விளிம்பு வரை போதும். அதிகமானாலும் கசியும்.

ஹைலக்ஸ் வைத்திருப்போர் கவனிக்க: பல மாடல்களில் பின்மூடி கழலாது. வேலை முன்பக்கம், பட்டறையில்தான்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அது எஸ்டபிள்யூ 305 என்னும் அட்டவணைக் கழிவு. அதை முறைப்படி சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

ஒழுகும் இடத்தை அடைப்பதற்கு முன், ஏன் ஒழுகுகிறது என்று பாருங்கள். மூன்றாவது முறை பசை வாங்கும் செலவு மிஞ்சும்.