குசினி மேசையில் ஒரு கணிதப் புதிர்

பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் கடைக்கோ கந்தோருக்கோ கிளம்பிவிட்டார். அடுப்பில் சோறு கொதிக்கிறது. அது வேகும்வரை உங்களுக்கென்று ஓர் அரை மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் சகோதரியே?

தைப்பேன் என்பார் ஒருவர். பத்திரிகை புரட்டுவேன் என்பார் இன்னொருவர். "கணக்குச் செய்து பார்ப்பேன்" என்று மட்டும் எவரும் சொல்லமாட்டீர்கள். கணக்கு என்றதுமே ஆசிரியரின் பிரம்பும், கொப்பியில் சிவப்புப் பேனாவால் இட்ட புள்ளடியும் ஞாபகத்துக்கு வருவோர்தாம் நம்மில் அதிகம். பரீட்சை முடிந்த அன்றே கணிதத்துக்கு விடைகொடுத்துவிட்டோம். அது படித்தவர்களின் சொத்து, நமக்கு எதற்கு என்று ஒதுங்கியும்விட்டோம்.

ஆனால், இப்படி ஒதுங்கிக்கொள்ளாத ஒரு குடும்பப் பெண்ணின் கதை இது.

மூடிய பட்டியலைத் திறந்தவர்

அமெரிக்காவின் சன் டியாகோ நகரில் வாழ்ந்தவர் மார்ஜொறி றைஸ். 1923இல் பிறந்த இவர் ஐந்து பிள்ளைகளை வளர்த்த தாய். பாடசாலையில் ஒரே ஒரு வருடம் பொதுக் கணிதம் படித்ததோடு சரி, பல்கலைக்கழக வாசலை மிதித்தவரல்லர். தமது மகனுக்காக 'சயன்டிபிக் அமெரிக்கன்' என்ற விஞ்ஞானச் சஞ்சிகையை வரவழைத்து வந்தார். அதில் மார்ட்டின் கார்ட்னர் என்பவர் மாதாமாதம் எழுதிய கணித விளையாட்டுப் பகுதியை மகனுக்கு முன்பே வாசித்துவிடுவது இந்தத் தாயின் வழக்கம்.

1975 ஜூலை இதழில் கார்ட்னர் ஒரு விடயத்தை விளக்கியிருந்தார். ஒரே வடிவமான ஓடுகளை மட்டும் கொண்டு, இடைவெளியின்றியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் தரையை மூடலாமா என்பதே கேள்வி.

முக்கோணி என்றால் எந்த முக்கோணியாலும் முடியும். நான்கு பக்கமுள்ள எந்த வடிவத்தாலும் முடியும். வெளிப்புறம் குவிந்த அறுகோணிகளில் மூன்று வகைகள் மட்டும் பொருந்தும். ஏழு பக்கமும் அதற்கு மேலும் உள்ள குவிவு வடிவங்களால் முடியவே முடியாது. இவை யாவும் முடிந்த முடிவுகள்.

சிக்கல் ஐங்கோணியில்தான். எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான ஐங்கோணியை எடுத்தால், அதன் ஒரு கோணம் 108 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்றை வைத்தால் 324 பாகை. மிகுதி 36 பாகைக்கு ஓட்டை விழும். நான்காவதை வைக்கவோ இடமில்லை. ஆகவே பக்கங்களையும் கோணங்களையும் மாற்றி, சற்றே கோணலான ஐங்கோணிகளைத் தேட வேண்டும். 1918இல் ஜெர்மனியரான றைன்ஹார்ட் ஐந்து வகைகளைக் கண்டார். 1968இல் றிச்சர்ட் கேர்ஷ்னர் மேலும் மூன்றைச் சேர்த்து, மொத்தம் எட்டு, இத்துடன் பட்டியல் முடிந்தது என்று அறிவித்தார்.

ஆனால் பட்டியல் முடிந்திருக்கவில்லை. கார்ட்னரின் கட்டுரையை வாசித்த றிச்சர்ட் ஜேம்ஸ் என்ற கணினித் துறையாளர் ஒன்பதாவதைக் கண்டுபிடித்து அனுப்பினார். 1975 டிசம்பர் இதழில் அச்செய்தி வந்தது. அதை வாசித்ததும் மார்ஜொறி தம்மையே கேட்டுக்கொண்டார்: ஒன்று விடுபட்டுப் போயிருந்தால், இன்னொன்றும் விடுபட்டிருக்கலாமல்லவா?

கேத்திரகணிதத்தின் குறியீடுகள் அவருக்குத் தெரியாது. எனவே தமக்கென்று சொந்தமாக ஒரு குறியீட்டு முறையை உருவாக்கிக்கொண்டார். எந்தக் கோணம் எந்தக் கோணத்தோடு சேர்கிறது, எந்தப் பக்கம் எந்தப் பக்கத்துக்குச் சமம் என்பதைச் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து, ஒவ்வொரு சாத்தியத்தையும் ஒழுங்காகச் சோதித்தார். வீட்டில் எவரும் இல்லாத வேளைகளில் குசினியில் வைத்து வரைவார். யாராவது வந்தால் தாள்களை மூடிவிடுவார். "இது என்ன வேலை?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற கூச்சம். இந்தக் கூச்சம் நமக்கும் புதிதல்லவே!

1976 பிறந்து சில வாரங்களில் புதிய வகையொன்று அவர் கையில் கிடைத்தது. அதைக் கார்ட்னருக்கு அனுப்பினார். கார்ட்னர் அதைப் பென்சில்வேனியாவில் கணிதம் கற்பித்த டொறிஸ் சாட்ஷ்னைடர் என்ற பெண் பேராசிரியருக்கு அனுப்பிவைத்தார். முன்பின் கண்டிராத அந்தக் குறியீடுகளைப் பார்த்துவிட்டு, விளங்கவில்லை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. பொறுமையாக இருந்து வாசித்தார், சரிபார்த்தார், உண்மைதான் என்றார். 1977 முடிவதற்குள் மார்ஜொறி கண்டுபிடித்த புதிய வகைகள் நான்காயின. எட்டென்று மூடிய பட்டியல் பதின்மூன்றாக நீண்டது. அவரது வடிவங்களில் ஒன்று 1999இல் வொஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முன்மண்டபத் தரையில் ஓடுகளாகப் பதிக்கப்பட்டது.

பதினான்காவதை 1985இல் றொல்ப் ஸ்டைன் கண்டார். பதினைந்தாவது 2015இல் கணினியின் உதவியுடன் கிடைத்தது. 2017இல் பிரான்ஸைச் சேர்ந்த மிக்காயெல் றாவோ, இப்பதினைந்துக்கு மேல் இல்லை என்று கணினித் துணையோடு நிறுவினார். அதே ஆண்டு ஜூலையில் மார்ஜொறி தமது 94ஆவது வயதில் காலமானார்.

நீங்களும் செய்து பாருங்கள்

பழைய பிஸ்கட் பெட்டி மட்டை, கத்தரிக்கோல், அடிமட்டம், பென்சில் போதும். சிறு பிள்ளைகள் வரையும் வீட்டைப் போல ஒரு சதுரமும் அதன்மேல் முக்கோணக் கூரையுமாக ஒரு வடிவத்தை வெட்டுங்கள். அதுவும் ஐங்கோணிதான். அதே அளவில் பத்துப் பன்னிரண்டு வெட்டி, வீடுகளை ஒட்டி ஒட்டி வரிசையாக வையுங்கள். இரண்டு கூரைகளுக்கு நடுவே பள்ளம் விழும். இன்னொரு வரிசை வீடுகளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், அவற்றின் கூரைகள் அப்பள்ளங்களில் கச்சிதமாக உட்காரும். பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் பொருந்துகிறது என்று அவர்களையே கேளுங்கள்.

மட்டை வெட்ட நேரமில்லையா? எண் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஏதாவதொரு முழு எண்ணை நினையுங்கள். இரட்டை எண் என்றால் பாதியாக்குங்கள். ஒற்றை எண் என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வரும் விடைக்கும் இதையே செய்யுங்கள். 7இல் தொடங்கினால் 22, 11, 34, 17, 52, 26, 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, 1. பதினாறு படிகளில் ஒன்றுக்கு வந்துவிட்டோம். 27இல் தொடங்கினாலோ 9232 வரை ஏறி, 111 படிகள் கழித்தே ஒன்றுக்கு இறங்கும்.

எந்த எண்ணில் தொடங்கினாலும் ஒன்றில்தான் முடியுமா? 1937இல் லோதர் கொலாட்ஸ் எழுப்பியதாகச் சொல்லப்படும் கேள்வி இது. இருபது இலக்க எண்கள் வரை கணினிகள் சோதித்துவிட்டன. எல்லாமே ஒன்றில்தான் முடிந்தன. ஆயினும் எல்லா எண்களுக்கும் அப்படித்தான் என்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கேள்விக்கு உலகின் பெரும் கணித மேதைகளிடமும் விடையில்லை!

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நூறு எண்களுக்குச் சரிவந்துவிட்டது, ஆகவே நான் தீர்த்துவிட்டேன் என்று துள்ளிவிடாதீர்கள். கோடி உதாரணங்கள் சேர்ந்தாலும் அது நிறுவல் ஆகாது. தீராத கணக்குகளில் இறங்கி, தம் பிழையைத் தாமே காண மறுத்து மனம் கசந்தோரும் உண்டு. ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதியிட்டு எழுதுங்கள். பிழைத்ததை அழிக்காதீர்கள். எங்கே பிழைத்தது என்று பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம். அடுப்பில் சோறு கருகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்!

மார்ஜொறியின் காலம் போய்விட்டது, இனிக் கணினிதான் எல்லாம் என்று நினைக்கிறீர்களா? இங்கிலாந்தில் அச்சுத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற டேவிட் ஸ்மித், 2022இல் கடதாசியில் வடிவங்களை வெட்டி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொப்பி போன்ற ஒரு வடிவத்தில் கண் பதித்தார். தரையை முழுவதும் மூடும், ஆனால் ஒரே கோலத்தை ஒழுங்காகத் திருப்பித் திருப்பித் தராது. அத்தகைய ஒற்றை ஓடு உண்டா என்று கணித அறிஞர்கள் பல தசாப்தங்களாகத் தேடி வந்தார்கள். அறிஞர் மூவருடன் சேர்ந்து அவர் அதை 2023இல் உலகுக்கு அறிவித்தார்.

கண்டுபிடிப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும் என்பதுமில்லை. ஆனால் உங்கள் மகள் ஒருநாள் பாடசாலை விட்டு வரும்போது, மேசையில் பரப்பிய மட்டைத் துண்டுகளோடு உம்மா யோசித்துக்கொண்டிருப்பதைக் காணட்டும். "கணக்கு எனக்கு வராது" என்று அவள் சொல்லுமுன் அந்தக் காட்சி அவள் நினைவுக்கு வரும்.

யாராவது வந்தால் தாள்களை மூடிவிடாதீர்கள் சகோதரியே. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள்.