ரயில் லேட்டா? டிக்கெட்டைக் கிழிச்சுப் போடாதீங்க!



ஸ்ரீபெரும்புதூரிலும் ரயில் நிலையம் இல்லை, ஒரகடத்திலும் இல்லை. அப்புறம் ரயிலைப் பற்றி நமக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இங்கே கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் எத்தனை! பொங்கல் வந்தால் திருநெல்வேலி, மதுரை என்று பாதிப் பேர் ரயிலுக்குத்தான் ஓடுகிறோம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த அண்ணன்களுக்கு ரயிலை விட்டால் வேறு வழியே இல்லை. அதனால் ரயில் தாமதமானாலோ ரத்தானாலோ பயணிக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

முன்பதிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்பத் தரும் விதிகள் 2015 நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நமக்கு வேண்டியவை மூன்று.

1. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்:
நாம் ஏற வேண்டிய நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் வேண்டாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கலாம். பிடித்தம் கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். கவுன்டரில் வாங்கிய டிக்கெட் என்றால், அந்த ரயில் கிளம்புவதற்குள் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். இன்டர்நெட் டிக்கெட் என்றால், அதே நேரத்துக்குள் இணையத்தில் டி.டி.ஆர். என்ற விண்ணப்பம் போட வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். இரவு 8 மணிக்குத் தாம்பரத்தில் ஏற வேண்டிய ரயில் 11.30-க்குத்தான் வருகிறது. அது கிளம்பும் முன் டிக்கெட்டைக் கொடுத்தால் முழுப் பணம். "சே, போங்க!" என்று வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் கேட்டால் இந்த விதி உதவாது. ரயில் 10.50-க்கே வந்துவிட்டாலும் உதவாது, 3 மணி நேரம் தாண்டவில்லையே! தாம்பரத்தில் சரியாகக் கிளம்பி, ஊர் போய்ச் சேர 5 மணி நேரம் லேட் ஆனாலும் இந்த விதியில் பணம் வராது. நிறையப் பேருக்குக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

2. ரயில் ரத்தானால்:
இன்டர்நெட் டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே வந்துவிடும். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து கட்டினோமோ அந்தக் கணக்குக்குத்தான் வரும். பிரவுசிங் சென்டரில் எடுத்திருந்தால் அவர்களிடம் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். கவுன்டர் டிக்கெட் என்றால், ரயில் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து 3 நாளுக்குள் கொடுத்து முழுப் பணம் வாங்கலாம்.

3. ரயில் பாதி வழியில் நின்றால்:
2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் மக்கள் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்தும் உணவு போட்டார்கள். மீட்கப்பட்டவர்களை வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

இப்படி நடுவழியில் நின்று, ரயில்வேயால் நியாயமான நேரத்துக்குள் வேறு ஏற்பாடு செய்து கொண்டுபோய்ச் சேர்க்க முடியாவிட்டால், முழுக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும். ஏற்பாடு செய்தும் நாம் வேண்டாம் என்றால், போகாத தூரத்துக்கான பணம் மட்டும் கிடைக்கும்.

சரி, டிக்கெட் பணம் வந்தாச்சு. ரயில் லேட் ஆனதால் ஏற்பட்ட மற்ற நஷ்டம்?

2016-ல் அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸ் சுமார் 4 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் ஒரு பயணி ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டார். டாக்சிக்கே 15,000 ரூபாய் செலவானது. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 செப்டம்பரில், அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணத்தையும், அது தங்கள் கையில் இல்லை என்பதையும் ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. இப்போதுள்ள சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஆனால் டிக்கெட்டும் செலவு ரசீதும் கையில் இருக்கணும்.

தினமும் மின்சார ரயிலில் வருபவர்கள் நிலைமை வேறு. என் பெரியம்மா பொண்ணு தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வந்து, அங்கே கம்பெனி பஸ் ஏறுவாங்க. ரயில் அரை மணி லேட் ஆனால் பஸ் போயிடும், அரை நாள் சம்பளமும் போயிடும். அதற்காக வழக்குப் போட யாருக்கு நேரம் இருக்கு? ஜப்பானில் ரயில் தாமதமானால், "இத்தனை நிமிடம் தாமதம்" என்று ரயில் கம்பெனியே ஒரு சான்றுச் சீட்டு தருகிறது. ஆபீசிலும் பள்ளியிலும் அதைக் காட்டினால் போதும். நம் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. அந்தச் சீட்டும் வந்தால் எங்க அக்கா மாதிரி எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்!

அதுவரை நாம் செய்ய வேண்டியவை:
* ரயில் எங்கே வருகிறது என்று 139-ல் கேளுங்கள். புகாரும் சொல்லலாம்.
* டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்.
* கடிகாரத்தைப் பாருங்கள். 3 மணி நேரமும் 3 நாளும் மறக்கக் கூடாது.

இதை வீட்டிலும், பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் வெளிமாநில அண்ணன்களுக்கும் சொல்லுங்கள்.

தெரிந்தவருக்குப் பணம் திரும்பும். தெரியாதவருக்கு டிக்கெட் வெறும் காகிதம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி