பொன்னினும் அரிய பொழுது

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. அதன்பின் ஊர்மக்கள் பலர் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் பெண்களும் உளர். விடியுமுன் சமைத்துவிட்டுச் சென்று இரவில் வீடு திரும்பும் அன்னையர், தம் உடல்நலக் குறைவை ‘வெறும் களைப்பு’ என ஒதுக்குவதுண்டு. பக்கவாதத்தின் அறிகுறிகளையும் அவ்வாறே ஒதுக்கினால் பெருங்கேடு விளையும்.

மூளையின் குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. குருதி பெறாத மூளைப்பகுதி விரைவில் அழியத் தொடங்கும். வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு பக்கக் கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வை மங்குதல், நிலைதடுமாறுதல் ஆகியன இதன் அறிகுறிகள். இவை சிறிது நேரத்தில் மறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். உயர் குருதியழுத்தம் இதற்கு முதன்மையான காரணம். கருவுற்றிருந்தபோது குருதியழுத்தம் மிகுந்த பெண்கள், பின்னரும் அதனைத் தவறாமல் அளந்து பார்த்தல் வேண்டும்.

ஐயம் எழுந்தால் அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு தொடரைக் கூறச் சொல்லுங்கள். ஒன்றில் மாறுபாடு தோன்றினும் 108ஐ அழையுங்கள். தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். ஆதலால் மருத்துவர் அந்நேரத்தைக் கட்டாயம் கேட்பார்.

அருஞ்சொற்பொருள்: குருதி – இரத்தம்; கேடு – தீங்கு.

சிந்தித்து எழுதுக: “சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்” என்று கூறும் அன்னையிடம் நீ என்ன சொல்வாய்?