தேய்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்: காருக்கு ஏற்ற பாலிஷ் எது?



பெருநாள் நெருங்குகிறது, அல்லது இல்லத்தில் நிக்காஹ் வைபவம் வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் கையோடு, வாசலில் நிற்கும் காரையும் புதுக்கிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. கடைக்குச் சென்றால் அலமாரி நிறையப் புட்டிகள். ஒன்றில் காம்பவுண்டு என்றும், மற்றொன்றில் பாலிஷ் என்றும், இன்னொன்றில் வேக்ஸ் என்றும் எழுதியிருக்கும். எல்லாவற்றின் மீதும் கண்ணாடிபோல் மின்னும் காரின் படம் ஒன்றே! இவற்றுள் எதை வாங்குவது?

விலையைப் பார்ப்பதற்கு முன் ஓர் உண்மையை மனத்தில் கொள்ளுங்கள். பாலிஷ் என்பது காரின் மேல் பூசிச் சேர்க்கும் பொருள் அன்று. காரின் மேலிருந்து தேய்த்து எடுக்கும் பொருள். இதை அறியாமல் வாங்குவோர், அழகைக் கூட்டுவதாக எண்ணி ஆயுளைக் குறைத்துவிடுகின்றனர்.

காகிதத்தில் பாதிக் கனம்

இக்காலக் கார்களின் தகட்டின் மீது முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற 'கிளியர் கோட்' என்னும் ஒளிபுகும் பூச்சு என அடுக்குகள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவுதான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் சாதாரணத் தாளின் கனத்தில் ஏறத்தாழப் பாதி!

வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்கி நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய அடுக்கே. இது மிகவும் தேய்ந்துபோனால் சில ஆண்டுகளில் வெளுத்துத் தோலுரியத் தொடங்கும். உரிந்த இடத்தை எந்தப் பாலிஷும் சீராக்காது. மீண்டும் பெயிண்ட் அடிப்பதே வழி. ஆகவே கிளியர் கோட் என்பது எடுத்தால் திரும்ப நிரம்பாத சேமிப்பு. அதைச் சிக்கனமாகவே செலவிட வேண்டும்.

எந்தக் கோடு, எவ்வளவு ஆழம்?

காரை நன்கு கழுவி, உலர்த்தி, வெயிலிலோ பிரகாசமான விளக்கொளியிலோ பாருங்கள். சிலந்தி வலைபோல் வட்டம் வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் தூசியோடு துடைத்ததால் வந்தவை. இவை ஆழமற்றவை, மென்மையான பாலிஷுக்கே பெரும்பாலும் மறைந்துவிடும். பறவை எச்சமும், உப்புநீர்த் துளி காய்ந்த தடமும் சிறிது ஆழமாக அரித்திருக்கலாம். இவற்றுக்கு நடுத்தரப் பாலிஷ் தேவைப்படலாம்.

விரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அது பாலிஷால் முற்றிலும் போக்கத்தக்க கோடன்று. அதைத் துரத்தித் தேய்த்தால் கோடு மறையுமுன் கிளியர் கோட் மறைந்துவிடும். அத்தகைய கோட்டின் விளிம்புகளை மட்டும் மழுக்கி, கண்ணுக்கு உறுத்தாத அளவில் விட்டுவிடுவதே அறிவுடைமை.

மிகப் பழைய கார்கள் சிலவற்றில் கிளியர் கோட்டே இராது. தேய்க்கும் துணியில் காரின் நிறமே ஒட்டும். அது அவ்வகைப் பெயிண்டின் இயல்பு. ஆனால் கிளியர் கோட் உள்ள காரில் துணியில் நிறம் தெரிந்தால், அந்தக் கணமே நிறுத்துங்கள். மேலடுக்கைக் கடந்துவிட்டீர்கள் என்பது அதன் பொருள். 'மேட்' எனப்படும் ஒளிராத பூச்சுள்ள கார்களுக்கோ பாலிஷே ஆகாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும்.

புட்டிக்குள் என்ன?

பாலிஷுக்குள் இருப்பவை அலுமினியம் ஆக்ஸைடு போன்ற கடினமான நுண்துகள்கள். துகள் பெரிதும் வலிதுமாக இருந்தால் அது காம்பவுண்டு. நுண்ணியதாக இருந்தால் இறுதிப் பாலிஷ். சில வகைகளில் தேய்க்கத் தேய்க்கத் துகள்கள் நொறுங்கி நைசாகும். இவற்றை அரைகுறையாகத் தேய்த்து நிறுத்தினால் மங்கல் படரும். வேறு சில வகைகளில் துகள்கள் நொறுங்காமல் கடைசிவரை ஒரே அளவில் வெட்டும். எது எவ்வகை என்பதைப் புட்டியின் குறிப்பைப் படித்தே அறிய வேண்டும்.

ஒரு நிறுவனம் 'நடுத்தரம்' என்று சொல்வது மற்றொரு நிறுவனத்தின் 'கரகரப்பு' ஆகலாம். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இத்துறையில் இல்லை. ஆகவே எண்களை ஒரே நிறுவனத்தின் பொருள்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

வேக்ஸ் என்பது இவற்றிலிருந்து வேறானது. பிரேசில் நாட்டுக் கர்னௌபா பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு போன்றவை மேலே படிந்து காப்பவை. அவை கோடுகளைப் போக்குவதில்லை. பாலிஷ் போக்கும், காக்காது. வேக்ஸ் காக்கும், போக்காது. ஆதலின் பாலிஷ் போட்டபின் வேக்ஸ் இடாமல் விடுவது, காயத்தைக் கழுவிவிட்டுக் கட்டுப் போடாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

ஒன்றரை அடிச் சோதனை

எந்தப் பாலிஷ் உங்கள் காருக்கு ஏற்றது என்பதைக் கடைக்காரர் சொல்ல இயலாது, கார்தான் சொல்லும். பெயிண்ட் ஒவ்வொரு காரிலும் கடினத்தில் வேறுபடும். எனவே பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப் ஒட்டி வரையறுத்துக்கொள்ளுங்கள். தகடு குளிர்ந்திருக்க வேண்டும். நிழலில் வேலை செய்ய வேண்டும்.

முதலில் மிக நைசான பாலிஷை மென்மையான பஞ்சுப் பட்டையில் இட்டுத் தேய்த்துப் பாருங்கள். போதவில்லையெனில் அதே பாலிஷைச் சற்றுக் கடினமான பஞ்சுப் பட்டையில் இடுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் நடுத்தரப் பாலிஷ். காம்பவுண்டும் கம்பளிப் பட்டையும் கடைசி நிலை; அவற்றைப் பயன்படுத்தினால் நைசான பாலிஷால் மீண்டும் ஒருமுறை சீராக்க வேண்டும். சிறுகச் சிறுகத் தொடங்கி, போதுமான இடத்தில் நிற்பதே இக்கலையின் முழு இரகசியம்.

பாலிஷிலுள்ள எண்ணெய் கோடுகளை நிரப்பி மறைத்துக் காட்டும். ஆகவே தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் பார்த்தால்தான் உண்மை தெரியும். பெயரைக் கண்டு திகைக்க வேண்டாம். இது மதுபானத்திலுள்ள பொருள் அன்று, குடிக்கவே கூடாத வேறோர் இரசாயனம். எளிதில் தீப்பற்றும், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மிஷின் பயன்படுத்துவோர், சுழன்றுகொண்டே அலையும் இரட்டை அசைவு மிஷினைத் தேர்வது நலம். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் மிஷின் தேர்ந்த கைகளுக்கே உரியது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது. அங்கே அது நொடிப்பொழுதில் பூச்சைப் பொசுக்கிவிடும்.

மறைப்பது திருத்தம் ஆகாது

கிளேஸ் என்ற பெயரில் விற்கும் சில பொருள்கள் கோடுகளைப் போக்குவதில்லை. எண்ணெயாலும் நிரப்பிகளாலும் மூடிவிடுகின்றன. சொந்தக் காரை ஒரு விசேஷ நாளுக்கு அழகுபடுத்த இது போதும். ஆனால் பழைய காரை விற்பதற்காக இதைப் பூசி, குறையே இல்லாததுபோல் காட்டினால்? நான்கு முறை கழுவியதும் அத்தனை கோடுகளும் வெளிவரும். வாங்கியவர் மனம் நோவார்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி பெருமானார் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் கூற, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் பதிவான இந்நிகழ்ச்சி தானியத்துக்கு மட்டுமா பொருந்தும்? மேலே மினுமினுப்பும் உள்ளே குறையுமாக நிற்கும் காருக்கும் அதே சட்டந்தான். விற்பவர் குறையைச் சொல்லி விற்கட்டும்.

வாங்குபவரும் விழிப்பாக இருக்கட்டும். பூச்சின் கனம் அளக்கும் கருவி பல பட்டறைகளில் உண்டு. ஒரு கதவில் மட்டும் பல நூறு மைக்ரான் காட்டினால், அங்கே மறுபெயிண்டும் அடியில் பட்டியும் இருக்கக்கூடும். அந்த எண் எல்லா அடுக்குகளின் மொத்தக் கணக்கு. எண் பெரிதாயிருப்பதாலேயே கிளியர் கோட் கனமாக உள்ளது என்று எண்ணித் தேய்த்துவிடாதீர்கள்.

பழக்கமே முதல் பாலிஷ்

காலையில் காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பதே பெரும்பாலான கோடுகளுக்குக் காரணம். முதலில் நீரூற்றித் தூசியை இறக்குங்கள். நுரைக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு ஒரு வாளி என இரண்டு வையுங்கள். கீழே விழுந்த துணியை மீண்டும் காரில் வைக்காதீர்கள். பறவை எச்சத்தைக் காயவிடாமல் நனைத்து எடுங்கள். பற்பசையால் கோட்டைத் தேய்ப்பது, டீசல் துணியால் மினுக்குவது போன்ற கைவைத்தியங்களை விட்டுவிடுங்கள்.

இவற்றைக் கடைப்பிடித்தால் பாலிஷ் எப்போதோ ஒருமுறைதான் தேவைப்படும். பல்லாண்டு உழைப்பில், சிலருக்குக் கடல் கடந்த உழைப்பில் வாங்கிய பொருள் அது. இறைவன் தந்த அருட்கொடையைப் பேணுவதும், வீண்விரயம் தவிர்ப்பதும் நம் கடமையல்லவா? எனவே அடுத்த முறை கடையில் நிற்கும்போது, அதிகம் வெட்டும் புட்டியைத் தேடாமல், குறைவாக எடுத்து நிறைவாகத் தருவதைக் கேட்டு வாங்குங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வாகனங்களையும் பயணங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.