செஞ்சிக் கோட்டை: மதிலும் நீரும்

செஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தேசிங்கு ராஜன் நினைவுதான் முந்தி வரும். கதைப்பாடலிலும் கூத்து மேடையிலும் இன்றும் குதிரையேறி வரும் அவ்விளைஞன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. மேலும், அவன் இறந்தது கோட்டையைக் காத்து நின்றபோதன்று. கோட்டையை விட்டு வெளியே சென்று, திறந்த களத்தில் பொருதபோது. இதை அறிந்த நாள் முதல் என் உள்ளத்தே ஒரு வினா எழுந்து நின்றது. இத்துணைப் பெரிய மதில்கள் யாருக்குத்தான் பயன்பட்டன?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை செஞ்சி ஊரைக் கடந்ததும் கோட்டையின் ஊடாகவே செல்கிறது. வடக்கே கிருஷ்ணகிரி, தென்மேற்கே இராஜகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற பாறைகளாலான இம்மூன்று குன்றுகளையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சிற்சில இடங்களில் அதன் கனம் 60 அடி. வெளியே 80 அடி அகல அகழி. மூன்றனுள் உயர்ந்தது இராஜகிரி. சுமார் 800 அடி. அதன் உச்சிக்குக் கீழே இயற்கையே ஒரு வெட்டு வெட்டி வைத்திருக்கிறது. 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய அப்பிளவின்மேல் அந்நாளில் மரப்பாலம் ஒன்று இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் சில வீரர்களே ஒரு படையைத் தடுத்துவிடலாம். மூச்சு வாங்க ஏறிச் சென்று அவ்விடத்தில் நின்று கீழே நோக்குவோர்க்கு இது மிகை என்று தோன்றாது.

இக்கோட்டைக்கு அடிகோலியவன் ஆடு மேய்த்த ஆனந்தக் கோன் என்பது மரபுவழிச் செய்தி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவன் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து இராஜகிரியில் அரண் அமைத்தான் என்றும், அவன் வழிவந்த கிருஷ்ணக் கோன் பெயரால் வடமலை கிருஷ்ணகிரி ஆயிற்று என்றும் கூறுவர். பின்னர் விஜயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர்கள் வந்தனர். இன்று நாம் காணும் களஞ்சியங்கள், கல்யாண மகால், வெங்கடரமணர் கோயில் ஆகியவை பெரும்பாலும் அவர்கள் காலத்தவை. 1597-இல் கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண வந்த பிமெண்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்டவற்றுள் இதுவே பெரிய நகரம் என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதனினும் பெரிதன்று என்றும் எழுதி வைத்தார். இன்று அந்நகரம் இருந்த இடத்தில் முட்புதரும் வயலுமே மிஞ்சியுள்ளன.

அதன்பின் நடந்தது கைமாற்றங்களின் கதை. 1648–49-இல் பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கொண்டு அதற்குப் பாதுஷாபாத் என்று பெயரிட்டது. 1677-இல் சிவாஜி அதிகப் போரின்றியே இதனைப் பெற்றார். பெற்றதும் மதில்களைப் புதுப்பித்தார். அவர் செய்த அப்பணியே பின்னர் அவருடைய இளைய மைந்தர் இராஜாராமுக்கு அடைக்கலமாயிற்று. மகாராட்டிரத்திலிருந்து தப்பி வந்த இராஜாராம் இங்கிருந்தே அரசு நடத்த, முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகையிட்டார். முற்றுகை 1698 தொடக்கம்வரை நீண்டது. ஆனால், ஏழாண்டும் மதிலை இடைவிடாது தாக்கினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1692 இறுதியில் மராட்டியத் தளபதிகள் சாந்தாஜியும் தனாஜியும் வெளியிலிருந்து வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள்! உணவின்றித் தவித்த சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டை இறுதியாக வீழ்ந்தபோது இராஜாராம் உள்ளே இல்லை, முன்னரே தப்பிவிட்டார். தளபதியே முற்றுகையை வேண்டுமென்று நீட்டித்தார் என்ற ஐயம் அக்காலத்திலேயே இருந்தது. நிகழ்ந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் அவ்வையம் நியாயமானதே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழாண்டு தாங்கிய அதே கோட்டையை 1750 செப்டம்பர் 11ஆம் நாள் இரவில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓரிரவிலே கைக்கொண்டார். உள்ளே இருந்த படை முன்பே களத்தில் தோற்று மனம் ஒடிந்திருந்தது. பொழுது விடிந்து மலைகளை நிமிர்ந்து பார்த்த பிரெஞ்சுக்காரர், இதனையா நாம் பிடித்தோம் என்று தாமே மலைத்து நின்றனராம். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்த பின் ஆங்கிலேயர் இங்கு வந்தபோது, பிரெஞ்சுத் தரப்பில் காவல் பூண்ட மெக்ரகர், இலட்சம் பேருடன் வந்தாலும் மூன்றாண்டில் இம்மலைகளைப் பிடிக்க இயலாது என்று விடை அனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே அவர் சரணடைந்தார். புதுச்சேரியே போனபின் யாருக்காக யார் காப்பது?

ஆகவே, கோட்டையைக் காண விழைவோர் மதிலை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது என்பேன். உள்ளே இருந்தவர்கள் எதை உண்டார்கள், எதைக் குடித்தார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டும். இராஜகிரி அடிவாரத்தில் வளைவுக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது. கிருஷ்ணகிரியின் மேலும் களஞ்சியங்கள் உண்டு. நெய்க்கிணறு, எண்ணெய்க்கிணறு என்று மக்கள் வழங்கும் தொட்டிகளும் உண்டு. மலைமேல் சுனைகள், மலையடியில் செட்டிகுளம், சக்கரக்குளம், கல்யாண மகாலுக்கு அருகே ஆனைக்குளம். அடுக்கடுக்காக எழுந்து கூம்பு முடியுடன் முடியும் அம்மகாலின் மேல்நிலைகளுக்கும் வெளிக்குளத்திலிருந்து மண்குழாய் வழியே நீர் ஏற்றியிருக்கிறார்கள். நீர் தன் மட்டத்தைத் தானே தேடும் என்ற எளிய இயல்பை வைத்துச் செய்த வேலை இது. மதில் கட்டிய கொத்தனைவிட இக்குழாய் பதித்தவனிடமே என் மதிப்பு அதிகம்.

அதே நீர் எமனாகவும் வந்ததுதான் விந்தை. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களை விரிவாக எழுதிய இராபர்ட் ஓர்ம், கர்நாடகப் பகுதியில் இதனைப்போல் உடல்நலத்திற்குக் கேடான இடம் வேறில்லை என்று கருதப்பட்டதாகக் குறிக்கிறார். ஒருபோதும் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கு நிறுத்தாத பிரெஞ்சுக்காரர், பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பியரை இழந்தார்களாம். இவர்களைக் கொன்றது பகைவரின் பீரங்கியன்று, நோய். கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதை இரொனால்டு ராஸ் கண்டது 1897-இல்தான். அகழியிலும் குளங்களிலும் தேங்கி நின்ற நீரே காவலர்களைக் காய்ச்சலாய்க் கொன்றிருக்கும் என்பது என் துணிபு.

இனித் தேசிங்கிடம் வருவோம். செஞ்சியை ஆண்ட புந்தேலர் சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங்கே நம் நாவில் தேசிங்கு ஆனான். நிலுவை வரி பற்றி ஆர்க்காட்டு நவாப் சாததுல்லா கானுடன் பிணக்கு மூண்டது. 1714 அக்டோபர் 3ஆம் நாள், சிறு படையுடன் பெரும் படையை எதிர்த்து அவன் மாண்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அவனோடு மாண்டவன் இசுலாமிய நண்பன் மகமத்கான். களஞ்சியமும் சுனையும் பிளவுப்பாலமும் இருக்க, கதவடைத்து உள்ளிருந்து போராடியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேட்பது எளிது, மதிலுக்குப் பின் பதுங்கியிருந்தால் மக்கள் அவனைப் பாடியிருப்பார்களா என்பதும் ஒரு கேள்வி. அவனை எரியூட்டிய இடம் என்று செட்டிகுளத்தின் கரையை இன்றும் காட்டுகிறார்கள்.

கற்களும் ஊர் விட்டு ஊர் போயிருக்கின்றன. வெங்கடரமணர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றனர். அங்குக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சித் தூண்களே. மாலையில் காற்று வாங்கச் செல்வோரில் எத்தனை பேர் அவற்றை அறிவர்?

2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் படைத்துறைசார் நிலக்காட்சிகள் என்ற தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை, எஞ்சியது செஞ்சி. மராட்டியர் இதனை வைத்திருந்தது 21 ஆண்டு காலந்தான். கோனாரும் நாயக்கரும் அப்பெயரில் இல்லை என்ற குறை எனக்கு உண்டாயினும், பட்டியலால் கோட்டைக்குப் பேணுதல் கிடைக்குமானால் பெயரைப் பற்றி மிகவும் வாதாட மாட்டேன். ஏனெனில், பேணாது விடும் எண்ணம் ஒரு காலத்தில் அரசுக்கே இருந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இனி இக்கோட்டையால் பயனில்லை என்று ஆயிற்று. 1803-இல் மாவட்ட ஆட்சியராய் இருந்த காரோ, இதன் அரண்களை இடித்துவிடலாம் என்று பரிந்துரைத்தார். அப்பரிந்துரை நிறைவேறவில்லை.