ஊசியை ஓட்டும் மோட்டார்

பச்சை குத்தும் பொறிக்கு மூதாதை ஒரு பேனா என்றால் நம்புவீர்களா? தோமஸ் அல்வா எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனாவே அது. அதன் தலையிலிருந்த சிறு மோட்டார் ஊசியை மேலும் கீழும் ஓட்டிக் காகிதத்தில் நுண்துளைகளை இட்டது. துளைகளின் வழியே மையைத் தேய்த்துப் பிரதிகள் எடுத்தனர். 1891இல் நியூயோர்க் நகரின் சாமுவேல் ஓரைலி அம்முறையைத் தழுவிப் பச்சை குத்தும் மின்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். காகிதம் போய்த் தோல் வந்தது.

பிற்காலத்தில் அமெரிக்கச் சிறைக்கைதிகள் கசெற் கருவியின் மோட்டார், கிற்றார்த் தந்தி, பேனாக்குழாய் ஆகியவற்றால் இதே பொறியைக் களவாகச் செய்தனர். கைத்திறன் வியக்கத்தக்கதே, மோட்டார்தான் பொருத்தமற்றது.

மோட்டாரின் தண்டில், மையம் விலகி நிற்கும் சிறு முளையே ஊசியை ஓட்டுகிறது. முளை 2 மில்லிமீற்றர் விலகினால் ஊசி 4 மில்லிமீற்றர் ஓடும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் வினாடிக்கு 100 குத்து. கைப்பட இப்பொறியைச் செய்ய முனைவோர் பலர் இச்சுற்றெண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகின்றனர். அது சுமையின்றி ஓடும்போது அளந்த எண்ணன்றோ? ஊசி தோலைத் தொட்டதும் முறுக்குவிசை குறைந்த பொம்மை மோட்டார் தளரும். கையோ நகர்ந்துகொண்டிருக்கும், தோலினுள் தங்கிய ஊசி கீறிக் கிழிக்கும். ஆகவே சுமையிலும் வேகம் தளராத மோட்டாரையே தெரிதல் வேண்டும். இரும்பு உள்ளகமற்ற சுருளுடைய மோட்டார்கள் இலேசானவை, சீராக ஓடுபவை, விலைதான் கடிக்கும்.

இன்னொன்று: மோட்டாரை நீராவியில் அவித்துக் கிருமி நீக்க இயலாது. குருதி அதன் பக்கம் ஏறாதவாறு இடையே மென்சவ்வு வேண்டும். ஊசியோ ஒருவருக்கு ஒன்றே. ஈரலழற்சி பி, சி நோய்கள் பரவுவது அவ்வழியாகத்தான்.